மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா

உங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன் நடந்திருக்கும். அம்மாவுக்குக் கர்ப்பப்பை, அப்பாவுக்குக் குடலிறக்கம், அக்காவுக்கு சிசேரியன். ஆபரேஷன் பண்ணின டாக்டர் யாருன்னு கேட்டா, இருபது வருஷம் கழிச்சும் அவரோட பேரு, ஊரு, கிளினிக் எந்தத் தெருவுல இருந்துச்சுங்கிற வரைக்கும் சொல்லிடுவீங்க. சரி, அன்னைக்கு மயக்கம் கொடுத்த டாக்டர் பேரு என்ன?

தெரியாதுல்ல? கோவிச்சுக்க மாட்டோம். எங்க வேலை அப்படி. பேஷன்ட் எங்களைப் பார்ப்பது அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷமும் பயத்தில் இருப்பார்கள். கண் விழிக்கும்போது எதிரில் நிற்பவர் சர்ஜன். சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவதும் அவரைத்தான்.

அப்படிப் பலருக்கும் பெயர் தெரியாமல் போன ஒரு டாக்டரம்மாவைப் பற்றி இன்னைக்கு எழுதுறேன். ரூபாபாய் ஃபர்தூன்ஜி. ஹைதராபாத்காரர், பார்சி பெண். 1889லேயே டாக்டராகி, ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் நின்று குளோரோஃபார்ம் கொடுத்தவர். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரைத்தான் சொல்கிறார்கள்.

(முதல் ஆள் யாருங்கிற பட்டத்துக்கு எப்பவும் சண்டை வரும். அமெரிக்காவில் கன்னியாஸ்திரிகளான நர்ஸ்கள் அதற்கு முன்பே மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்வது டாக்டருக்குப் படித்துவிட்டு, இதையே தன் வேலையாக எடுத்துக்கொண்ட பெண்ணைப் பற்றி.)

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், புதுசா வந்தவங்களுக்காக. நான் மயக்கவியலில் எம்.டி. படித்தவள் இல்லை. முண்டியம்பாக்கத்தில் இருக்கிற விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். அரசு வேலை. இப்போ இருப்பது திண்டிவனத்தில். பிரசவ வார்டு, சீமாங் தியேட்டர், புறநோயாளிகள் பிரிவு, எல்லாத்துலயும் ஓடுற ஆள்.

எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த நான் எப்படி மயக்கம் கொடுக்கிறேன் என்றால், அதற்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது. உயிர்காக்கும் மயக்கவியல் திறன் பயிற்சி. சுருக்கமாக எல்.எஸ்.ஏ.எஸ். என்போம். தேசிய அளவில் முதலில் வகுத்தபோது அது 18 வாரம். அவசர சிசேரியனுக்கு மயக்கவியல் நிபுணர் கிடைக்காத ஊர்களில், எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து நிறுத்துவதுதான் திட்டம்.

அதன் அருமை நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். மயக்க டாக்டர் இல்லை என்றால் மகப்பேறு டாக்டர் இருந்தும் கத்தி வைக்க முடியாது. உடனே ஆம்புலன்ஸ். ஒன்று முண்டியம்பாக்கம், இல்லைன்னா புதுச்சேரி ஜிப்மர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர், நடுவில் விக்கிரவாண்டி டோல்கேட். தீபாவளி, பொங்கல் நேரத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். இரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு 40 கிலோமீட்டர் என்பது ரொம்ப தூரம்.

அந்தப் பயிற்சி நாட்களில்தான் ரூபாபாய் பெயரை முதல்முறை படித்தேன். ஒரு பாடப்புத்தகத்தின் வரலாற்றுப் பகுதியில் இரண்டே வரி. அன்னைக்கு அதைத் தாண்டிப் போயிட்டேன். அப்புறம் ஒரு நைட் டியூட்டியில் தேடிப் படிக்க ஆரம்பிச்சவ, விடியற வரைக்கும் படிச்சேன்.

அவர் கதை புரியணும்னா, அதுக்கு நாற்பது வருஷம் முன்னால போகணும்.

1846 அக்டோபர் 16. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தார்கள், அந்த ஆள் அலறவில்லை. அதற்கு முன்பு ஆபரேஷன் என்றால் நாலு பேர் கை காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம், 1847 நவம்பரில், எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். வாசனை நல்லா இருக்கும், சீக்கிரம் வேலை செய்யும், கொஞ்சம் போதும். ஊரே கொண்டாடியது.

கொண்டாட்டம் மூணு மாசம்கூட நிற்கவில்லை. 1848 ஜனவரி கடைசியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். யோசிச்சுப் பாருங்க, நகம் எடுக்க!

அந்தச் சாவுக்கு என்ன காரணம் என்ற கேள்வியில் டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். லண்டன் கட்சி, குளோரோஃபார்ம் நேரடியாக இதயத்தை நிறுத்துகிறது, அதனால் மயக்கம் கொடுப்பவர் நாடியில் விரல் வைத்தே இருக்கணும் என்றது. எடின்பரோ கட்சி, இல்லை, முதலில் நிற்பது மூச்சு, மூச்சை ஒழுங்காகப் பார்த்தால் யாரும் சாகமாட்டார்கள் என்றது. நாற்பது வருஷம் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

அந்தச் சண்டையின் நடு மைதானமாக ஆனது எந்த ஊர் தெரியுமா? நம்ம ஹைதராபாத்.

1885ல் எட்வர்ட் லாரி என்ற ராணுவ சர்ஜன் ஹைதராபாத்துக்கு ரெசிடென்சி சர்ஜனாக வந்தார். எடின்பரோவில் படித்தவர், தீவிரமான மூச்சுக் கட்சி. அங்கே 1846லேயே தொடங்கிய ஒரு மருத்துவப் பள்ளி இருந்தது. இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரிக்கு முன்னோடி அதுதான். அதுவரை உருதுவில் நடந்த பாடங்களை லாரி ஆங்கிலத்துக்கு மாற்றினார். கூடவே பெண்களையும் சேர்த்தார். அப்படி 1885ல் சேர்ந்த ஐந்து பெண்களில் ஒருவர்தான் ரூபாபாய்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லணும். லாரி படித்த அதே எடின்பரோவில், 1870ல், மருத்துவம் படிக்க வந்த ஏழு பெண்களைத் தேர்வு எழுதவிடாமல் மாணவர்கள் வாசலை மறித்துச் சேறு வாரி அடித்திருக்கிறார்கள். சர்ஜன்ஸ் ஹால் கலவரம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்க 1894 ஆயிற்று. அதற்கு ஐந்து வருஷம் முன்பே ஹைதராபாத்தில் ரூபாபாய் டாக்டராகிவிட்டார். நம்ம சென்னை இன்னும் முந்தியது. 1875லேயே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்த நால்வரில் ஒருவரான மேரி ஷார்லீப்தான் பிறகு திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்தவர். இன்னைக்கும் பழைய ஆட்களுக்கு அது கோஷா ஆஸ்பத்திரிதான், கஸ்தூர்பா காந்தின்னு சொன்னா ஒரு நிமிஷம் யோசிப்பாங்க.

நாம பெருமைப்படலாம். ஆனா ரொம்பவும் வேண்டாம். பெண்களைச் சேர்த்ததற்குக் காரணம் முற்போக்கு மட்டும் இல்லை. கோஷா கடைப்பிடித்த பெண்கள் ஆண் டாக்டரிடம் வரமாட்டார்கள், வராமலே செத்துக்கொண்டிருந்தார்கள். பெண் டாக்டர் இருந்தே ஆக வேண்டிய நிலை.

ரூபாபாய் 1889ல் படிப்பை முடித்தார். கிடைத்த பட்டத்தின் பெயர் ஹக்கீம். யுனானி வைத்தியர் என்று நினைக்க வேண்டாம், படித்தது ஆங்கில மருத்துவம்தான். அந்தப் பள்ளி கொடுத்த பட்டத்துக்கு அன்று அதுதான் பெயர்.

அவர் படித்த அந்த நாலு வருஷத்தில் அங்கே நடந்ததைக் கேளுங்க. லாரி 1888ல் ஒரு குளோரோஃபார்ம் கமிஷன் நடத்தினார். விலங்குகளுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்து, மூச்சு முதலில் நிற்கிறதா இதயமா என்று பார்ப்பதுதான் வேலை. மூச்சுதான் என்று முடிவு சொன்னார். லண்டனில் லான்செட் பத்திரிகை ஒத்துக்கொள்ளவில்லை. உடனே ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான் ஆயிரம் பவுண்டு கொடுத்து, நீங்களே ஒரு ஆளை அனுப்புங்கள், எங்கள் ஊரில் வந்து பார்க்கட்டும் என்றார். லான்செட் அனுப்பிய ஆள் சாதாரண ஆள் இல்லை. நெஞ்சுவலிக்கு அமைல் நைட்ரைட் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்த லாடர் பிரண்டன். 1889ல் இரண்டாவது கமிஷன். லாரி சொல்வது தவறு என்ற எண்ணத்தோடு வந்த பிரண்டன், ஹைதராபாத்தில் இருந்தே, மூச்சுத் திணறலும் அளவு மீறலும்தான் ஆபத்து என்று லாரி பக்கம் சாய்ந்து தந்தி அடித்தார்.

உலகமே திரும்பிப் பார்த்த அந்தப் பள்ளியில், அந்த ஆசிரியரிடம், அதே வருஷம் படித்து முடித்தவர் ரூபாபாய். மயக்கம் கொடுப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன இருக்கு?

ரெசிடென்சி ஆஸ்பத்திரி (இன்றைய சுல்தான் பஜார் மருத்துவமனை), அப்ஸல்கஞ்ச் ஆஸ்பத்திரி (இன்றைய உஸ்மானியா பொது மருத்துவமனை), பிற்காலத்தில் விக்டோரியா ஜெனானா பிரசவ ஆஸ்பத்திரி என்று 1889 முதல் 1917 வரை மயக்கம் கொடுத்திருக்கிறார். 28 வருஷம். அவரைப் பற்றிக் கிடைப்பவை இந்த மாதிரி பணி விவரங்கள்தான், நம்ம சர்வீஸ் ரெஜிஸ்டர் மாதிரி. அதனால் அவர் செய்த வேலை எப்படி இருந்திருக்கும் என்பதை அந்தக் காலத்து விதிகளை வைத்துத்தான் சொல்ல முடியும். கமிஷன் அந்த விதிகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது.

நோயாளியைப் படுக்க வைக்கணும். கழுத்து, மார்பு, வயிறு எங்கேயும் துணி இறுக்கக் கூடாது. மூக்குக்கு மேலே திறந்த கூம்பு மாதிரி ஒன்றைப் பிடித்து, அதில் குளோரோஃபார்மை விட்டு, காற்றோடு கலந்து இழுக்க விடணும். நோயாளி திமிறினாலோ மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ கவனம், அடுத்து இழுக்கும் பெருமூச்சில் மருந்து அளவுக்கு மீறிப் போய்விடும். கருவிழியைத் தொட்டால் இமை மூடவில்லை என்றால் மயக்கம் போதும், மருந்தை நிறுத்து. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மூச்சு, மூச்சு, மூச்சு. வேறு எதையும் பார்க்காதே.

இப்போ என் தியேட்டருக்கு வாங்க. தலைமாட்டில் ஒரு மானிட்டர். விரலில் மாட்டும் கிளிப், அதான் கொரோனா காலத்தில் நீங்க எல்லாம் வீட்டுக்கு வாங்கிவந்தீங்களே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அதன் அடிப்படையை 1970களில் ஜப்பானில் தகுவோ அயோயாகி கண்டுபிடித்தார். இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த பீப் சத்தத்தின் சுருதியே இறங்கும். தலையைத் திருப்பாமலே காது சொல்லிவிடும். இ.சி.ஜி. ஓடும், பிரஷர் தானாக ஏறும். முழு மயக்கம் என்றால் வெளியே வரும் மூச்சில் இருக்கும் கரியமில வாயுவையும் அளக்கலாம். திரையில் மலை மலையாக ஒரு கோடு வரும். ஒவ்வொரு மலையும் ஒரு மூச்சு.

ரூபாபாயிடம் இதில் ஒன்றுகூடக் கிடையாது. கண், காது, உள்ளங்கை. மூக்குக்கு முன்னால் கையை வைத்தால் சூடு தெரிகிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா, உதடு நீலமாகிறதா. 28 வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். எதிரே சர்ஜனின் கத்தி வேலை நடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே ஒரு பயிற்சி. நம்புங்க, புதுசா கத்துக்கும்போது கண்ணு தானா அங்கதான் போகும்.

ஏன் ஈதர் இல்லை, குளோரோஃபார்ம் என்று கேட்கலாம். ஈதர் கொதிக்கும் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. நம்ம அக்னி நட்சத்திரத்தில் திண்டிவனத்தில் ஒரு ஈதர் பாட்டிலைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்க. பக்கத்தில் விளக்கு இருந்தால் தீப்பிடிக்கும் வேறு. குளோரோஃபார்ம் கொதிக்க 61 டிகிரி வேணும், தீயும் பிடிக்காது. சூடான ஊருக்கு அதுதான் தோதாக இருந்தது.

இந்த இடத்தில் பல கட்டுரைகள் லாரியைப் பெரிய மேதையாக்கி முடித்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லாரி சொன்னது பாதிதான் சரி. 1911ல் குட்மன் லெவி என்பவர் பூனைகளில் சோதித்துக் காட்டினார். மயக்கம் லேசாக இருக்கும்போது உடம்பில் அட்ரினலின் ஏறினால், குளோரோஃபார்ம் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கி நிறுத்திவிடும். பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஹன்னா கிரீனர் மாதிரிப் பெண்கள் அரைமயக்கத்தில் திடீரென்று இறந்ததற்கு அது பொருத்தமான விளக்கம். லண்டன் கட்சி பேசியதிலும் உண்மை இருந்தது. நாடியைப் பார்க்கவே வேண்டாம் என்று லாரி பிடித்த பிடிவாதத்தை இன்று எந்த மாணவரும் பரீட்சையில் எழுதினால் பெயில். இன்று இரண்டையும் பார்க்கிறோம். குளோரோஃபார்மே தியேட்டரை விட்டுப் போய்விட்டது.

ஆனால் மூச்சைப் பார் என்று அவர் கற்றுக்கொடுத்தது நிலைத்துவிட்டது. அதைத்தான் ரூபாபாய் ஆயிரக்கணக்கான நிமிடங்கள் செய்தார்.

அவர் வாழ்க்கையில் என்னை அசைத்துப் போட்ட இடம் இனிமேல்தான் வருது.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஹைதராபாத்துக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். கரையில் இருந்த அப்ஸல்கஞ்ச் ஆஸ்பத்திரி அழிந்தது. அதன் வளாகத்துப் புளியமரத்தில் ஏறிக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்தார்கள். அந்த மரத்தை ஹைதராபாத்காரர்கள் இன்னும் காட்டுவார்கள். ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை ஊருக்குள் வந்ததைப் பார்த்த நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இரவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த வருஷம், 1909ல், ரூபாபாய் கப்பல் ஏறி எடின்பரோ போனார். மேற்படிப்புக்கு. கையில் அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பியவர் அன்னி பெசன்ட், நம்ம அடையாறு பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்தான்.

கணக்குப் பாருங்க. 1885ல் அவருக்குப் பதினெட்டு வயது என்று வைத்துக்கொண்டால்கூட 1909ல் 42. இருபது வருஷ அனுபவம். சொந்த ஊரில் நல்ல பெயர். எதற்குப் போகணும்?

போன இடத்தில் இன்னொரு சிக்கல். மயக்கவியலுக்கென்று தனிப் படிப்பே அப்போது அங்கே இல்லை. வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். இவர் இயற்பியலும் வேதியியலும் படித்து, 1910ல் டிப்ளமோ வாங்கினார். மயக்கம் கொடுப்பவருக்கு அவை உதவும் என்று அன்று கருதினார்கள். சரியான கணிப்பு. ஆவி எப்படி உருவாகிறது, வெப்பம் கூடினால் எவ்வளவு கூடுகிறது, வாயுக்கள் அழுத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் இன்று எம்.டி. மயக்கவியலின் முதல் வருஷப் பாடம். அவருக்கு வேண்டியது ஒரு படிப்பாக இல்லாததால், வேண்டிய துண்டுகளை அவரே பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கும் போய்ப் படித்துத் திரும்பியிருக்கிறார்.

இதை ஏன் இவ்வளவு இழுத்து எழுதுறேன்னா, எனக்குச் சொந்தக் காரணம் இருக்கு.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் கேட்டார். "என்னம்மா, இன்னும் எம்.பி.பி.எஸ்.தானா? மயக்க ஊசி போடுறதுக்கு எதுக்கு டாக்டரு, கம்பவுண்டரே போட்டுடலாமே." பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். அவர் கேட்டதில் இரண்டாவது பாதி அறியாமை, விட்டுடலாம். முதல் பாதி எனக்கு வலித்தது, ஏன்னா அதை நானே என்னைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

மயக்கவியல் நிபுணர்கள் சிலருக்கு எங்களைப் போன்ற பயிற்சி டாக்டர்கள் மேல் ஒரு தயக்கம் உண்டு. சில மாதப் பயிற்சி மூன்று வருஷ எம்.டி.க்கு ஈடாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. நான் அதை மறுக்க மாட்டேன். எங்களுக்கு எல்லை இருக்கிறது. இதய நோய் உள்ள தாய், மூச்சுக்குழாய் போடுவதே கஷ்டமாகத் தெரியும் தாய், இவர்களை நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்பத்தான் வேணும். ஆனால் நள்ளிரவில் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்து குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது, நிபுணர் வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவிலான கயிற்றின் மேல்தான் நாங்க நடக்கிறோம்.

அப்படி ஒரு ராத்திரி. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மரக்காணம் பக்கத்துப் பெண், முதல் பிரசவம், உடனே சிசேரியன் பண்ணியாகணும். கையில் ஊசி ஏற்றிக்கொண்டே கேட்டேன்.

"கடைசியா எப்ப சாப்ட்டமா?"

"நேத்து நைட்டு டாக்டர்."

பக்கத்தில் நின்ற ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஆயா, நெஜத்தச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

"ரெண்டே ரெண்டு இட்லிம்மா. வலி எடுக்குற புள்ள, வெறும் வயித்தோட எப்படித் தாங்கும்? நர்ஸம்மா பாக்காதப்ப ஊட்டிட்டேன்."

"எப்ப ஊட்டுனீங்க?"

"இப்பத்தான், ஒரு மணி நேரம் இருக்கும்."

ஆயா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாசம்தான். ஆனால் அந்த இரண்டு இட்லி எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன். முழு மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகலாம். கர்ப்பிணிகளுக்கு அந்த ஆபத்து அதிகம். 1946ல் கர்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் இதை விளக்கி எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறோம். அதனால்தான் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் பரவாயில்லை என்று சொல்கிறோம். பட்டினி போட்டுக் கொடுமைப்படுத்த இல்லை.

ஆயா உண்மையைச் சொன்னதால் நாங்கள் அதற்குத் தயாராக இருந்தோம். வயிற்று அமிலத்துக்கு மருந்து, பக்கத்தில் சக்‌ஷன் ரெடி, முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும், தாய் விழித்திருப்பாள், தொண்டையின் காவல் அப்படியே இருக்கும். மருந்தின் அளவு வெறும் இரண்டு மில்லி. போட்டவுடன் பிரஷர் இறங்கும், அதை ஏற்றணும். நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவளிடம் பேசிக்கொண்டே இருந்தேன். எந்த ஊரு, வீட்டுக்காரர் என்ன பண்றார், என்ன பேரு வைக்கப் போறீங்க. அது அரட்டை இல்லைங்க. பேசுகிறவளுக்கு மூச்சு ஓடுகிறது, மூளைக்கு இரத்தம் போகிறது. அவள் பதில் நின்றால் என் கை மருந்துக்குப் போகும். குழந்தை அழுதது. அவளும் அழுதாள். ஆயா வெளியே யாரையோ சத்தமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

ரூபாபாயை அந்த நேரத்தில் நினைத்தேன் என்று எழுதினால் அது சினிமா. அப்போ எதையும் நினைக்க நேரமில்லை. காலையில் டீ குடிக்கும்போதுதான் நினைத்தேன். ஹைதராபாத்தின் ஒரு கோஷாப் பெண், வாழ்க்கையில் முதல்முறை ஆஸ்பத்திரி மேஜையில் படுத்து, முகத்துக்கு மேலே ஒரு கூம்பு வரும்போது, அதைப் பிடித்திருக்கும் கை ஒரு பெண்ணின் கை. அந்தப் பயத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! பயம் குறைந்தால் அட்ரினலின் குறையும். லெவியின் 1911 கண்டுபிடிப்பின்படி பார்த்தால் அந்த ஆறுதலே ஒரு மருந்து. இது என் யூகம்தான், ஆனால் முதுகு ஊசி போடும்போது தோளைப் பிடித்து "கண்ணு, ஒரு நிமிஷம் அசையாத" என்று சொல்லும் எங்கள் சிஸ்டரைத் தினமும் பார்ப்பதால் வரும் யூகம்.

எனக்கு இப்போ 36. நீட் பி.ஜி.க்கு விண்ணப்பித்திருக்கிறேன். மயக்கவியல்தான் முதல் விருப்பம். யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளை, வாரத்துக்கு இரண்டு நைட், நடுவில் இயற்பியல் பாடத்தில் வாயு விதிகள். இந்த வயசுலயான்னு கேட்கிறவங்களுக்கு நான் இனிமே 1909னு மட்டும் சொல்லலாம்னு இருக்கேன். புரியாட்டி போகட்டும்.

ரூபாபாய் திரும்பி வந்து தொடர்ந்து வேலை பார்த்தார். 1917 வரை மயக்கம் கொடுத்தார். 1920ல் ஓய்வுபெறும்போது அவர் ஹைதராபாத் சாதர்காட் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளர். ஒரு பெண், அரசு மருத்துவமனைக்குத் தலைமை, 1920ல். மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ். எல்லாம் சேர்ந்து படிக்கும் நம்ம தலைமுறையில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று ஒரு சி.எம்.இ. கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கை உயர்ந்தது. அவர் ஹைதராபாத்தில் படித்தவர்.

ஆபரேஷனுக்குப் போகப்போறவங்க யாராவது இதைப் படிச்சுக்கிட்டு இருந்தா, மூணு விஷயத்தை உங்க மயக்க டாக்டர்கிட்ட மறைக்காதீங்க: கடைசியா எப்போ என்ன சாப்பிட்டீங்க, என்ன மாத்திரை போடுறீங்க (நாட்டு மருந்தும் சேர்த்துத்தான்), உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ முன்னாடி மயக்கத்தில் ஏதாவது பிரச்சனை வந்துச்சா. ஆடும் பல்லு, கட்டின பல்லு இருந்தா அதையும் சொல்லுங்க. முதுகு ஊசியால காலம் முழுக்க முதுகுவலி வருமான்னு தினமும் கேட்கிறாங்க. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்கில் வரும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் கர்ப்பத்தில் வளைந்த முதுகு, பிறகு குழந்தையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வது, ஓய்வே இல்லாத வீட்டு வேலை.

அப்புறம், பிறந்த குழந்தையின் கேஸ் ஷீட்ல ஆப்கார்னு போட்டு எட்டு, ஒன்பதுன்னு எழுதியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அழுகை, நிறம், துடிப்பு, மூச்சு எல்லாம் பார்த்துப் போடுற மார்க். அந்த ஆப்கார் ஒரு ஆளோட பேரு. வர்ஜீனியா ஆப்கார், அவரும் பெண் மயக்கவியல் மருத்துவர், 1952ல் உருவாக்கியது. அவர் கதையைத் தனியா எழுதுறேன், இதுக்குள்ள அடங்காது. மணி ஏழாயிடுச்சு, எட்டு மணிக்கு நைட் டியூட்டி.